சிவப்புக் குல்லாச் சிறுமி: சின்னக் குழந்தையோடு படக்கதை படிக்க ஒரு வழிகாட்டி

படக்கதைப் புத்தகத்தைப் பெரியவரும் குழந்தையும் சேர்ந்து பிரிக்கும்போது இருவரும் ஒன்றையே படிப்பதில்லை. பெரியவர் எழுத்தைப் படிக்கிறார். குழந்தை படத்தைப் படிக்கிறது. கதை கேட்கும் நான்கு வயதுக் குழந்தைகளின் கண்கள் எங்கே போகின்றன என்பதைக் கருவியால் பதிந்து பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. ஏறத்தாழ எல்லா நேரமும் அவர்களின் பார்வை படத்தின் மீதே இருந்தது. எழுத்தின் பக்கம் திரும்பியது மிக அரிது. புதிதாகக் கதை படிக்க உட்காருகிறவர்கள் இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால், எந்தப் புத்தகத்தை வாங்குவது, எவ்வளவு வேகத்தில் வாசிப்பது, எப்போது பக்கத்தைப் புரட்டுவது, குழந்தை பயந்தால் என்ன செய்வது என்ற கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

எல்லாக் கதைகளையும் பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரே கதையைக் கையில் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போவது பயனுள்ளது. நான் தேர்ந்தெடுத்திருப்பது சிவப்புக் குல்லாச் சிறுமி. அம்மா, சிறுமி, ஓநாய், பாட்டி, வேட்டைக்காரர் என்று ஐந்தே பேர். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் காட்டுவழிதான் கதை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தச் சிவப்பு குழந்தையின் கண்ணுக்கு உடனே அகப்படும். சிறந்த ஓவியர்கள் பலர் இதற்குப் படம் வரைந்திருக்கிறார்கள். பெற்றோர் தயங்குகிற ஓநாயும் இதில் இருக்கிறது. அந்தத் தயக்கத்தைக் கடக்கக் கற்றுக்கொண்டால் மற்ற பழங்கதைகள் எளிதாகிவிடும்.

நான்கு வயதுக்கு மேல் இந்தக் கதை பொருந்தும் என்பது என் கருத்து. இரண்டு, மூன்று வயதுக்கு மூன்று கரடிகளின் கதை நல்லது. அதில் கிண்ணம், நாற்காலி, கட்டில் எல்லாம் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மும்மூன்றாக வருவதால் விரலை வைத்துக் காட்டிக்கொண்டே போகலாம். (ராபர்ட் சௌத்தி 1837இல் அந்தக் கதையை அச்சிட்டபோது கரடி வீட்டுக்குள் நுழைந்தது ஒரு கிழவி. இன்றைய புத்தகங்களில் அந்தக் கிழவியின் இடத்தில் வரும் பொன்னிறக் கூந்தல் சிறுமி பிறகு வந்தவள்.)

முதலில் கதையை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்

"இந்தக் கதை எனக்குத் தெரியும்" என்று சொல்கிறவர்களில் பலருக்கு முடிவு மட்டும் குழப்பமாக இருக்கும். காரணம், இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் இருக்கின்றன. கடையில் விற்கும் புத்தகங்கள் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளும், அல்லது இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் செய்யும். வாங்குவதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

பிரான்சில் ஷார்ல் பெரோ 1697இல் வெளியிட்டது முதல் அச்சு வடிவம். அதில் ஓநாய் பாட்டியை விழுங்குகிறது, சிறுமியையும் விழுங்குகிறது, கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. காப்பாற்ற யாரும் வருவதில்லை. கடைசியில், இனிக்கப் பேசும் ஓநாய்களை நம்பாதீர்கள் என்று இளம்பெண்களுக்குச் சொல்லும் செய்யுள் ஒன்று. பெரோ மனதில் வைத்து எழுதியது மழலைகளை அல்ல. இந்த வடிவத்தைச் சின்னக் குழந்தைக்குப் படிக்க வேண்டாம்.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள், யாக்கோபும் வில்ஹெல்மும், 1812இல் வெளியிட்ட தொகுப்பின் முதல் பாகத்தில் இதே கதை இருபத்தாறாம் கதையாக வருகிறது. நாம் குழந்தைக்குச் சொல்ல வேண்டியது இதைத்தான். இதில் சில விவரங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் கைகொடுக்கும். பாட்டி நோயுற்றிருக்கிறாள், அவளுக்காக அம்மா கேக்கும் ஒரு புட்டி திராட்சை மதுவும் கொடுத்தனுப்புகிறாள். "வழியை விட்டு விலகி ஓடாதே, விழுந்து புட்டியை உடைத்துவிடுவாய்" என்பதுதான் அம்மாவின் எச்சரிக்கை. ஓநாயைப் பற்றி அம்மா ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. காட்டில் ஓநாயைப் பார்க்கும்போது அது எவ்வளவு பொல்லாதது என்று சிறுமிக்குத் தெரியாது. ஆகவே அவள் பயப்படுவதில்லை. பாட்டியின் வீடு எங்கே இருக்கிறது என்று அது கேட்கிறது, அவள் சொல்லிவிடுகிறாள். பூக்களைப் பார் என்கிறது, அவள் பார்க்கிறாள். பாட்டிக்குக் கொண்டுபோகலாம் என்று பறிக்கிறாள். ஒரு பூவுக்கு அப்பால் இன்னும் அழகான பூ தெரிகிறது, அதற்கு அப்பால் இன்னொன்று.

அதற்குள் ஓநாய் முந்திப் போய்ப் பாட்டியை விழுங்கிவிட்டு, அவள் உடையையும் தொப்பியையும் அணிந்து கட்டிலில் படுத்துக்கொள்கிறது. பின்னால் வரும் சிறுமியையும் விழுங்கிவிட்டு, மறுபடி படுத்துக் குறட்டை விடுகிறது. அந்த வழியாகப் போகும் வேட்டைக்காரர் குறட்டைச் சத்தம் கேட்டு உள்ளே வருகிறார். சுடத் துப்பாக்கியை எடுத்தவர், பாட்டி வயிற்றுக்குள் இருக்கக்கூடும் என்று நினைத்து அதை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுக்கிறார். இரண்டு வெட்டு வெட்டியதும் சிவப்புக் குல்லா மின்னுவது தெரிகிறது. சிறுமி குதித்து வெளியே வருகிறாள். "எவ்வளவு பயந்துவிட்டேன்! ஓநாயின் வயிற்றுக்குள் எவ்வளவு இருட்டு!" என்கிறாள். பாட்டியும் உயிரோடு வருகிறாள். பெரிய கற்களை எடுத்துக்கொண்டு வருவது சிறுமிதான். அவற்றை ஓநாயின் வயிற்றில் நிரப்புகிறார்கள். அது எழுந்து ஓடப் பார்த்து, கனம் தாங்காமல் விழுந்து செத்துப்போகிறது.

இதோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் பெரும்பாலான படப் புத்தகங்கள் நிறுத்திவிடுகின்றன. கிரிம் தொகுப்பில் இன்னும் ஒரு பகுதி இருக்கிறது. வேறொரு நாள் சிறுமி பாட்டி வீட்டுக்குப் போகும்போது இன்னொரு ஓநாய் குறுக்கிடுகிறது. இந்த முறை அவள் நிற்காமல் நேரே போய்ப் பாட்டியிடம் சொல்லிவிடுகிறாள். இருவரும் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்கள். ஓநாய் கூரைமேல் ஏறிக் காத்திருக்கிறது. வீட்டு வாசலில் பெரிய கல்தொட்டி ஒன்று உண்டு. இறைச்சிக் குழல்கள் (சாசேஜ்) வேகவைத்த தண்ணீரைச் சுமந்துவந்து அதில் ஊற்று என்கிறாள் பாட்டி. சிறுமி தொட்டி நிறையும்வரை ஊற்றுகிறாள். வாசனை மேலே போக, ஓநாய் மூக்கை நீட்டி நீட்டி எட்டிப் பார்த்து, சறுக்கி, தொட்டிக்குள் விழுந்து மூழ்கிவிடுகிறது.

இந்தப் பகுதியை நான் மிகவும் விரும்புகிறேன். முதல் பாதியில் காப்பாற்றப்பட்டவள் இரண்டாம் பாதியில் தானே தண்ணீர் சுமக்கிறாள். உங்கள் புத்தகத்தில் இது இல்லாவிட்டால், கதையை நான்கைந்து முறை படித்த பிறகு, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாயாலேயே சொல்லுங்கள். படம் இல்லாத அந்தப் பகுதிக்கான படத்தைக் குழந்தையே காகிதத்தில் வரையட்டும்.

புத்தகம் வாங்கும்போது

கடையில் நின்றபடியே எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். படங்களை வைத்தே கதை ஓரளவு புரிகிறதா? சிறுமி எங்கிருந்து எங்கே போகிறாள், ஓநாய் எப்போது அவளை முந்துகிறது, யார் கட்டிலில் படுத்திருக்கிறார் என்பது தெரிகிறதா? தெரிந்தால் அது நல்ல புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் அழகான முகங்கள் மட்டும் இருந்து, நடப்பது ஒன்றும் விளங்கவில்லை என்றால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

அடுத்து, படமும் அதற்குரிய வாசகமும் ஒரே விரிப்பில், அதாவது புத்தகத்தைத் திறந்தால் ஒன்றாகத் தெரியும் இரண்டு பக்கங்களில், இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓநாய் கதவைத் தட்டும் வரிகள் இந்தப் பக்கத்திலும் அதன் படம் அடுத்த பக்கத்திலும் இருந்தால், நீங்கள் படிப்பதும் குழந்தை பார்ப்பதும் ஒட்டாது. மலிவுப் பதிப்புகளில் இந்தக் குறை அடிக்கடி உண்டு. ஒரு விரிப்பில் எட்டு, பத்து வரிகளுக்கு மேல் எழுத்து இருந்தாலும் நான்கு வயதுக்கு அதிகம்.

பிறகு ஓநாயின் முகம். அது பூனைக்குட்டி போல் சிரிக்கும் கேலிச்சித்திர ஓநாயாக இருந்தால் கதையில் எதுவும் பணயத்தில் இல்லாமல் போய்விடும்; ரத்தம் சொட்டும் பற்களோடு இருந்தால் குழந்தை அந்தப் பக்கத்தைத் தாண்டாது. நல்ல ஓவியர்கள் இரண்டுக்கும் நடுவில் வேறொரு வழி கண்டார்கள். இங்கிலாந்தின் வால்டர் கிரேன், 1875இல் வந்த வண்ணப் புத்தகத்தில், செம்மறித்தோல் போர்த்திய ஓநாயைச் சிறுமியின் எதிரே நிறுத்தினார். தோலுக்குள் இருப்பது யார் என்று குழந்தைக்குத் தெரிகிறது, சிறுமிக்குத் தெரியவில்லை. குழந்தை வாய்விட்டு எச்சரிக்கத் தொடங்குவது இத்தகைய படத்தில்தான்.

பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே 1860களின் தொடக்கத்தில் பெரோவின் கதைகளுக்கு வரைந்த மரச்செதுக்குப் படங்கள் இந்தக் கதையின் மிகப் புகழ்பெற்ற படங்கள். காட்டில் ஓநாயின் முதுகு நம் பக்கம் திரும்பியிருக்கும். சிறுமி அதன் மிக அருகில் நின்று அதன் கண்ணைப் பார்ப்பாள். இன்னொரு படத்தில் பாட்டியின் தொப்பி அணிந்த ஓநாயோடு சிறுமி கட்டிலில் இருப்பாள். போர்வையைப் பிடித்தபடி பக்கவாட்டில் அதைப் பார்ப்பாள். கறுப்பு வெள்ளையில் இவ்வளவு செய்ய முடியுமா என்று வியக்கவைக்கும் வேலை. ஆனால் அது பெரோவின் முடிவுக்காக வரையப்பட்டது. ஏழு வயதுக்கு மேல், கதை நன்றாகப் பழகிய பிறகு காட்டுங்கள். கிரேன், டோரே இருவரின் படங்களும் காப்புரிமைக் காலம் கடந்தவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்செடுத்தும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக முடிவைப் பாருங்கள். சில புதிய பதிப்புகளில் ஓநாய் யாரையும் விழுங்குவதே இல்லை. பாட்டி அலமாரிக்குள் ஒளிந்துகொள்வாள், ஓநாய் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடிவிடும். அதை நான் வாங்க மாட்டேன். விழுங்கப்பட்டவர்கள் முழுசாக வெளியே வருவதுதான் இந்தக் கதை குழந்தைக்குக் கொடுக்கும் நிம்மதி. விழுங்குவதை எடுத்துவிட்டால் அந்த நிம்மதியும் போய்விடும்.

தனியாக ஒருமுறை சத்தமாகப் படியுங்கள்

குழந்தை தூங்கிய பிறகு, அல்லது வீட்டில் இல்லாத நேரத்தில், புத்தகத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்கே மூச்சு வாங்க வேண்டும், எந்த வரி நாக்கில் இடறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

நம்மில் பலருடைய கையில் இருப்பது ஆங்கிலப் புத்தகமாகத்தான் இருக்கும். குழந்தைக்குத் தமிழில் சொல்லப்போகிறீர்கள் என்றால், வரிவரியாகப் பார்த்து அங்கேயே மொழிபெயர்க்க முயலாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் இடைவெளி விழும், குழந்தை அதற்குள் எழுந்து போய்விடும். ஒவ்வொரு விரிப்புக்கும் நீங்கள் சொல்லப்போகும் இரண்டு மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பேசும் பேச்சிலேயே சொல்லுங்கள். படத்தில் கேக் இருந்தால் கேக் என்றே சொல்லுங்கள், அதிரசம் ஆக்க வேண்டாம். சொல்வது ஒன்றும் பார்ப்பது ஒன்றுமாக இருந்தால் குழந்தை உடனே பிடித்துவிடும். மதுப்புட்டியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அதற்காகவே 1990இல் கலிபோர்னியாவில் பள்ளி நிர்வாகங்கள் இந்தக் கதையின் ஒரு பதிப்பை விலக்கிவைத்தன. "பாட்டிக்கு உடம்பு தேறக் குடிக்க" என்று சொன்னால் குழந்தைக்குப் போதும்.

பாட்டியை என்ன சொல்லி அழைப்பது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். குழந்தை தன் சொந்தப் பாட்டியை அம்மாச்சி என்று அழைத்தால் கதையில் வருபவளுக்கு அந்தப் பெயர் வேண்டாம். அப்பத்தா, அம்மம்மா, ஆச்சி, எதுவானாலும் வீட்டில் இருப்பவருக்குரிய பெயரை ஓநாயின் வாய்க்குள் அனுப்பாதீர்கள். பொதுவாகப் "பாட்டி" என்று சொல்லுங்கள். வீட்டில் வழங்குவதே "பாட்டி" என்றால் "காட்டுப் பாட்டி" என்று வைத்துக்கொள்ளலாம்.

மனப்பாடமாக வரவேண்டியது ஓரிடம் மட்டும்: கட்டிலருகே நடக்கும் கேள்வி பதில். கிரிம் வடிவில் காது, கண், கை, வாய் என்ற வரிசை.

"பாட்டி, உன் காது ஏன் இவ்வளவு பெரிசு?"
"நீ பேசுவது நன்றாகக் கேட்கத்தான், கண்ணு."
"பாட்டி, உன் கண் ஏன் இவ்வளவு பெரிசு?"
"உன்னை நன்றாகப் பார்க்கத்தான், கண்ணு."

ஒவ்வொரு முறையும் இதே சொற்களில் சொல்ல வேண்டும். இரண்டாம் மூன்றாம் வாசிப்பில் குழந்தை உங்களோடு சேர்ந்துகொள்ளும். சொற்களை மாற்றினால் சேர முடியாது.

இடமும் நேரமும்

முதல் வாசிப்பைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும் நேரத்தில் முதன்முதலாக ஓநாயை அறிமுகப்படுத்தினால் விளக்கை அணைத்த பிறகு அதைப் பற்றிப் பேச இடம் இருக்காது. கதை பழகியபின் இரவில் படிக்கலாம்.

குழந்தை மடியிலோ பக்கத்திலோ இருக்கட்டும், எதிரே வேண்டாம். புத்தகம் குழந்தையின் கண்ணுக்கு நேராக, எட்டித் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு குழந்தைகள் என்றால் சிறியது மடியில், பெரியது பக்கத்தில். தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

எழுத்தைப் படிக்கும் முன் படங்களைப் பாருங்கள்

முதல் முறை, ஒரு வரிகூடப் படிக்காமல் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுங்கள். அட்டையில் தொடங்குங்கள்: யார் இது, எங்கே நிற்கிறாள், மரத்துக்குப் பின்னால் ஏதாவது தெரிகிறதா? ஒவ்வொரு விரிப்பிலும் சிவப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சிவப்பு இல்லாத பக்கம் வந்தால் குழந்தை நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். அது பெரும்பாலும் சிறுமி விழுங்கப்பட்ட பிறகு வரும் பக்கம், அல்லது ஓநாய் பாட்டி வீட்டில் தனியாக இருக்கும் பக்கம். "எங்கே போயிருப்பாள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

இப்படிச் செய்தால் கதையின் முடிவு முன்பே தெரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியட்டும். கடைசிப் பக்கத்தில் சிறுமியும் பாட்டியும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்ட குழந்தை, நடுவில் வரும் இருட்டைத் தைரியமாகக் கடக்கும். மழலைக்கு வேண்டியது திடீர்த் திருப்பம் அல்ல. எதிர்பார்த்தது எதிர்பார்த்த இடத்தில் வருவதுதான் அதற்கு மகிழ்ச்சி.

வாசிக்கும்போது

மெதுவாக. நீங்கள் நினைப்பதைவிட மெதுவாக. ஒரு விரிப்பைப் படித்து முடித்ததும் புரட்டிவிடாதீர்கள். எழுத்து முடிந்துவிட்டது உங்களுக்குத்தான். குழந்தை இன்னும் கூரையில் இருக்கும் பறவையையோ கூடையின் ஓரத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும். பக்கம் புரட்டும் வேலையைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொடுத்தால் சின்னக் கைக்கும் முடியும். கசங்கினால் கசங்கட்டும்.

ஓநாய்க்கு ஒரு குரல் கொடுங்கள், ஆனால் கர்ஜனை வேண்டாம். இந்தக் கதையின் ஓநாய் நயமாகப் பேசி ஏமாற்றுகிறது. தணிந்த, இனிமையான, சற்று இழுத்துப் பேசும் குரல்தான் அதற்குப் பொருத்தம். கடைசிப் பதிலில் மட்டும் குரல் மாறலாம்.

கேள்வி கேட்பதில் அளவு வேண்டும். 1980களில் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் உரையாடியபடி படிக்கும் முறை ஒன்றை வகுத்தார்கள். பெரியவர் கேட்கிறார், குழந்தை பதில் சொல்கிறது, பெரியவர் அந்தப் பதிலோடு ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ சேர்த்துத் திருப்பிச் சொல்கிறார், குழந்தை அதை மீண்டும் சொல்கிறது. "இது என்ன?" "கூடை." "ஆமாம், கேக் வைத்த கூடை." இப்படிப் படித்த குழந்தைகளின் பேச்சு வளர்ச்சி கூடியதை 1988இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு காட்டியது. நல்ல முறை. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் செய்தால் கதை பரீட்சையாகிவிடும். ஒரு வாசிப்பில் மூன்று நான்கு இடம் போதும். ஓநாய் கதவைத் தட்டும்போது எதுவும் கேட்காதீர்கள். அங்கே கதை ஓட வேண்டும்.

கேட்கும் கேள்வியும் படத்திலிருந்தே வரட்டும். "ஓநாய் எங்கே பார்க்கிறது?" "பாட்டியின் கண்ணாடி எங்கே போயிற்று?" போன்றவை நல்ல கேள்விகள். "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்கவே வேண்டாம்.

விழுங்கும் பக்கம்

பெற்றோர் இந்தப் பக்கத்தை இரண்டு வகையில் கெடுக்கிறார்கள். சிலர் அவசரமாகப் புரட்டிவிடுகிறார்கள். குழந்தை உங்கள் அவசரத்தைப் பார்த்துத்தான் பயப்படும். சிலர் "அம்மா பேச்சைக் கேட்காததால்தான் இப்படி ஆயிற்று, நீயும் கேட்க வேண்டும்" என்று இங்கே பாடம் எடுக்கிறார்கள். இதை நான் கடுமையாக மறுப்பேன். அம்மா ஓநாயைப் பற்றி எச்சரிக்கவே இல்லை என்று மேலே பார்த்தோம். சிறுமி பாட்டிக்குப் பூப் பறித்தாள், கேட்டவருக்கு மரியாதையாகப் பதில் சொன்னாள். தவறு ஓநாயுடையது. ஏமாற்றப்பட்ட குழந்தைமேல் பழி போடும் கதையாக இதை மாற்றினால், நாளை உண்மையில் யாராவது ஏமாற்றினாலும் குழந்தை உங்களிடம் சொல்லத் தயங்கும்.

அந்தப் பக்கத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு கையைக் குழந்தையைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், குரலை உயர்த்தாமல் வரியைப் படியுங்கள், கொஞ்சம் நிறுத்துங்கள், குழந்தையின் முகத்தைப் பாருங்கள். புத்தகத்தை மூடச் சொன்னால் மூடிவிடுங்கள். கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தால் அது தொடர விரும்புகிறது என்று பொருள். சில குழந்தைகள் படத்தின்மேல் கையை வைத்து ஓநாயை மறைக்கும். மறைக்கட்டும். அடுத்த முறை ஒரு விரலை எடுக்கும்.

பயந்து நிறுத்திய குழந்தையை அப்படியே விட்டுவிடாதீர்கள். வேட்டைக்காரர் வரும் பக்கத்தைத் திறந்து, சிறுமி வெளியே வருவதை மட்டும் காட்டி முடியுங்கள். கதையை வயிற்றுக்குள் நிறுத்திவிட்டு எழுந்திருப்பது கூடாது.

அதன் பிறகு வரும் கேள்விகள்

"வயிற்றுக்குள் வலித்ததா?" இதற்குக் கதையிலேயே பதில் இருக்கிறது: இருட்டாக இருந்தது, பயமாக இருந்தது, வெளியே வந்துவிட்டாள். அதைச் சொல்லுங்கள்.

"ஓநாய் செத்துவிட்டதா?" ஆமாம் என்று சொல்லுங்கள். தூங்குகிறது என்று சொல்லாதீர்கள். தூங்கும் ஓநாய் எழுந்து வரும்.

"நம் வீட்டுக்கு வருமா?" வராது, இது கதையில் வரும் ஓநாய். உண்மையான ஓநாய்க்கு மனிதர்களைப் போலப் பேசத் தெரியாது, தொப்பி போடாது, மனிதர்களைக் கண்டால் பெரும்பாலும் விலகிப் போகும். ஆறு வயதுக் குழந்தை என்றால் உண்மையான ஓநாயின் நிழற்படத்தைக் காட்டி, கதை ஓநாயையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

"ஓநாய்க்குப் பசித்ததால்தானே சாப்பிட்டது?" என்று ஓநாயின் பக்கம் பேசும் குழந்தைகளும் உண்டு. திருத்தாதீர்கள்.

திரும்பத் திரும்ப

நான்கு வயதுக் குழந்தை ஒரே புத்தகத்தை வாரக்கணக்கில் கேட்கும். உங்களுக்கு அலுக்கும், அதற்கு அலுக்காது. ஒவ்வொரு முறையும் அது வேறு ஏதோ ஒன்றைப் பார்க்கிறது: ஒருநாள் ஓநாயின் நகம், ஒருநாள் பாட்டி வீட்டைச் சுற்றியுள்ள மரங்கள். (கிரிம் சொல்வது மூன்று பெரிய கருவாலி மரங்கள், உங்கள் ஓவியர் அதை மதித்திருக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள்.) நீங்கள் ஒரு வரியைத் தாண்டினால் பிடித்து நிறுத்தும். கதை அதன் சொத்தாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

இந்தக் கட்டத்தில் இடங்களை மாற்றிக்கொள்ளுங்கள். புத்தகத்தைக் குழந்தையிடம் கொடுத்து, "நீ எனக்குப் படி" என்று சொல்லுங்கள். அதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. படத்தைப் பார்த்துச் சொல்லும். வரிசை மாறினாலும், வேட்டைக்காரர் போலீஸ்காரர் ஆனாலும் குறுக்கிடாதீர்கள். ஒரு சிவப்புத் துண்டு, ஒரு கூடை, ஒரு போர்வை இருந்தால் நடித்தும் பார்க்கலாம். குழந்தைகள் பெரும்பாலும் ஓநாய் வேடத்தைத்தான் கேட்கும். கொடுத்துவிட்டு நீங்கள் சிறுமியாக இருங்கள்.

புத்தகத்தைப் பூட்டிய அலமாரியில் வைக்காமல், குழந்தையின் கை எட்டும் இடத்தில், அட்டை தெரியும்படி வையுங்கள்.

அடுத்த புத்தகம்

ஹான்சலும் கிரெட்டலும் கதைக்கு உடனே தாவ வேண்டாம். பெற்றோரே குழந்தைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருவது ஓநாயைவிடக் கனமானது. 1812 பதிப்பில் அப்படிச் செய்யச் சொல்பவள் பெற்ற தாய்; மாற்றாந்தாயாக அவள் ஆனது பின்னால் வந்த பதிப்புகளில். ஆறேழு வயதுவரை காத்திருக்கலாம்.

கிரிம் தொகுப்பின் ஐந்தாம் கதையான ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும் நல்ல அடுத்த படி. அதிலும் ஓநாய் குரலை மாற்றிக்கொண்டு கதவைத் தட்டுகிறது, காலில் மாவைப் பூசிக்கொள்கிறது, ஆறு குட்டிகளை விழுங்குகிறது. ஏழாவது குட்டி கடிகாரப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பிக்கிறது. தாய் ஆடு ஓநாயின் வயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குட்டிகளை வெளியே எடுக்கிறது. அந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டாமல் நிறுத்தி, "இப்போது வயிற்றுக்குள் எதை வைப்பார்கள்?" என்று கேளுங்கள்.